வாத்தியார் வேலை

வணக்கம் சார்,

சென்னையில் மென்பொருள் வேலை, வயது 27. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கீபோர்டில் உட்கார முடிகிறது. யூடியூபில் பாரி ஹாரிஸ் என்ற ஜாஸ் பியானோ கலைஞரின் வகுப்புகளைப் பார்க்கிறேன். அவருடைய தியரி முழுவதையும் எக்செல் ஷீட்டில் போட்டுவிட்டேன். வாசிக்கத்தான் வரவில்லை. இவ்வளவு தெரிந்தவர் மேடையில் பெரிய ஆளாகாமல் ஏன் கடைசிவரை பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்? நான் தியரியை முடித்துவிட்டு வாசிக்கப் போகலாமா? எந்தக் கீபோர்டு வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கீபோர்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடைக்குப் போய்த் தொட்டுப் பாருங்கள்.

‘பெரிய ஆளாகாமல்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? ஹாரிஸ் 1960-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி குழுவோடு டெட்ராய்ட்டிலிருந்து நியூயார்க் வந்தவர். 1963 டிசம்பரில் டிரம்பெட் கலைஞர் லீ மார்கன் ‘தி சைட்விண்டர்’ என்ற ரெக்கார்டைப் பதிவு செய்தபோது பியானோவில் இருந்தவர். அதே ரெக்கார்டில் டெனர் சாக்ஸபோன் ஊதும் ஜோ ஹென்டர்சன், டெட்ராய்ட்டில் இவரிடம் பாடம் கேட்டவர். மேடை கிடைக்காமல் பாடம் எடுக்கப் போனார் என்றால், இந்தச் சிஷ்யன் எங்கிருந்து வந்தான்? நியூயார்க் அவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர் வாத்தியார்.

சரி, அந்த ஷீட்டை மூடிவிட்டுக் கீபோர்டைத் திறங்கள். சி மேஜரின் ஏழு வெள்ளைக் கட்டைகள். ஜி-க்கும் ஏ-வுக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டையையும், அதாவது ஏ ஃப்ளாட்டையும், சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில், சங்கராபரணத்தோடு சுத்த தைவதமும். (இது பாஷாங்கமா, அதாவது அந்நிய சுவரம் கலந்த ராகமா என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.) ஆக எட்டு சுவரம். ஒன்று விட்டு ஒன்றாக நான்கு விரல் வையுங்கள்: சி, ஈ, ஜி, ஏ. அப்படியே ஒரு படி ஏறுங்கள்: டி, எஃப், ஏ ஃப்ளாட், பி. முதல் பிடி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது படியில் மறுபடி அதே திண்ணை, விரல்களின் வரிசை மட்டும் வேறு. எட்டு என்பதால் நாலு நாலாகப் பிரிந்து, உட்கார்வதும் கிளம்புவதும் மாறி மாறி வருகின்றன. ஏழில் இது நடக்காது. கார்ட் என்றால், இப்படிச் சேர்த்து அழுத்தும் சுவரங்கள் என்றால், அசையாமல் நிற்கும் கட்டடம் என்று நினைத்தவர்களுக்கு, அது நடக்கும் என்று இந்த மனுஷர் காட்டினார். உங்கள் ஷீட்டில் இது எத்தனை வரி? விரலில் வர எத்தனை நாள் ஆகும் தெரியுமா?

எனக்குப் பதினாலு வயதில் எங்கள் ஊரில் ஒரு ஹார்மோனிய வாத்தியார் இருந்தார். துருத்தியில் சைக்கிள் டியூபை வெட்டிப் பஞ்சர் ஒட்டியிருப்பார். அழுத்தும்போது ரப்பர் வாசனை வரும். “கச்சேரி கிடைக்காதவன்தானே பாடம் எடுப்பான்” என்பார் அப்பா, மாதம் பத்து ரூபாயை என் கையில் திணித்துக்கொண்டே. நானும் அதை நம்பினேன். நாற்பது பக்க நோட்டு நிறைய சுவரம் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் அவர் ஒரு வரி வாசித்து நிஷாதத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அடுத்தது ச” என்றேன், நோட்டைப் பார்த்து. “அது நோட்டு சொல்றது. உன் விரல் என்ன சொல்றது?” என் விரல் பென்சிலைப் பிடித்திருந்தது. நாலாவது மாதம் நின்றுவிட்டேன். அந்த நிஷாதம் மட்டும் இன்னும் அப்படியே தொங்குகிறது.

ஹாரிஸ் வகுப்புக் காட்சிகளில் ஒன்றைக் கவனித்தீர்களா? பியானோவைச் சுற்றி ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள், அவர் கையை எட்டிப் பார்த்துக்கொண்டு. அவரும் அங்கேயே தேடுவார், புதிதாக ஒன்று அகப்பட்டால் குழந்தை மாதிரிச் சிரிப்பார். நியூ ஜெர்சியின் வீஹாக்கனில், ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்க் தன் கடைசி வருஷங்களைக் கழித்த அதே வீட்டில் குடியிருந்தவர் இவர். மங்க் பியானோவைத் தொடுவதையே ஏறக்குறைய விட்டிருந்தார். 1982-இல் அவர் இறந்தார். அதே வருஷம் ஹாரிஸ் மன்ஹாட்டனில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டரைத் தொடங்கினார். இரவில் கச்சேரி, கூடவே வகுப்பு. 1987-இல் அது மூடப்பட்டது, வகுப்பு நிற்கவில்லை. கொரோனா காலத்தில், தொண்ணூறு வயதில், ஜூமில் பாடம் எடுத்தார். 2021 டிசம்பர் 8-இல் அதே நோய் அவரைக் கொண்டுபோனது. 92 முடிய ஒரு வாரம் பாக்கி.

தியரியை முடித்துவிட்டு என்கிறீர்களே தம்பி, அவரே முடிக்கவில்லை.

ஷீட்டை அழிக்க வேண்டாம், உழைத்திருக்கிறீர்கள். இன்று ராத்திரி அந்த இரண்டு பிடி மட்டும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் தூங்குவார்கள்.