டாங்டுட் நகல் இசையா?

கேள்வி: பாட்டிலும் சினிமாவிலும் கொரியாவுக்கு அடுத்த அலை இந்தோனேசியாதான் என்கிறார்கள். அங்கே ஊரெல்லாம் ஒலிக்கும் டாங்டுட் பாட்டைக் கேட்டால் பழைய இந்திப் படப் பாட்டு மாதிரியே இருக்கிறது. நகலெடுத்தவர்களுக்கு என்ன பெருமை?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: மெட்டு எடுத்தது உண்மை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 1950களில் மலாய் இசைக்குழுக்கள் இந்திப் படப் பாணியில் பாடின. எல்யா கதாம் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் பெயரே ‘இந்தியப் பொம்மை’தான். ஆனால் நீங்கள் மெட்டோடு நின்றுவிட்டீர்கள். டாங்டுட்டின் உயிர் மேளத்தில் இருக்கிறது.

அந்த மேளத்துக்கு கெண்டாங் என்று பெயர். தபலா போலச் சிறிதும் பெரிதுமாக ஒரு ஜோடி. ‘டாங்’ என்பது தெறித்து நிற்கும் அடி. ‘டுட்’டுக்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். பெரிய மேளத்தைத் தட்டிய உடனே உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோலில் அழுத்தி முன்னே தள்ள வேண்டும். சுருதி வழுக்கிக்கொண்டு மேலேறும். அழுத்தம் கூடினால் நாதம் செத்துப்போகும், குறைந்தால் வெறும் ‘தும்’தான் மிஞ்சும். நாலு எண்ணிக்கைத் தாளத்தில் நாலாவதில் டாங், அடுத்த சுற்றின் முதல் எண்ணில் டுட். ஆடுபவர்களின் இடுப்பு அந்த இடத்தில்தான் திரும்பும். எந்த ஊர் மெட்டைப் போட்டாலும் இந்த அடி அதைத் தன்வசமாக்கிவிடுகிறது.

பெயரும் ஏளனமாக வந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் மேல்நாட்டு ராக் கேட்ட நகரத்தார் இதை ‘கம்புங்கான்’, அதாவது பட்டிக்காட்டுச் சரக்கு என்று ஒதுக்கி, மேளச் சத்தத்தையே பெயராக்கிக் கேலி செய்தார்கள். பாடகர் ரோமா இராமா அந்தப் பெயரை விரும்பி ஏற்றுக்கொண்டார். தன் சொனேதா குழுவில் எலெக்ட்ரிக் கிட்டாரை முழங்கவிட்டார். ஹஜ் போய்வந்த பின் பாட்டிலேயே மார்க்க உபதேசமும் செய்தார். அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் ஆளுங்கட்சியை ஆதரிக்காமல் முஸ்லிம் கட்சிக்குப் பிரசாரம் செய்ததால், அரசுத் தொலைக்காட்சியில் 11 ஆண்டு அவர் முகமே வரவில்லை. வெறும் நகல் பாட்டைக் கண்டு ஓர் அரசு இப்படிப் பயப்படுமா?

பிறகு 2003-ல் கிழக்கு ஜாவாவின் பாசுருவானிலிருந்து டாங்டுட் பாடகி இனுல் தாரத்திஸ்தா வந்தார். துரப்பணம் போலச் சுழலும் அவரது இடுப்பாட்டம் விசிடி வழியே நாடெங்கும் பரவியது. உலமாக்கள் கண்டித்தார்கள். ரோமாவும் கண்டித்தார். முன்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் இனுலின் பக்கம் நின்றார். என் பார்வையில் வாஹித் செய்ததுதான் சரி. ஏழை வீட்டுப் பெண் மேடையில் ஆடிப் பிழைப்பதால் ஒரு மதம் கெட்டுவிடாது.

அதே கிழக்கு ஜாவாவில் 1990களில் கிளம்பியதுதான் கொப்லோ என்ற டாங்டுட் வகை. மலிவான போதை மாத்திரை ஒன்றின் பெயர் அது. கெண்டாங் அடி நெருங்கி, வேகம் கூடி, மேற்கு ஜாவாவின் ஜாய்போங்கான் ஆட்டத்து அடியும் உள்ளே வந்து கலந்தது. 2018-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியபோது அதன் பாட்டைப் பாடியவர் கொப்லோ பாடகி வியா வாலன். 2022 ஆகஸ்ட் 17 சுதந்திர தினத்தன்று 12 வயதுப் பையன் ஒருவன் அதிபர் மாளிகையில் ஜாவா மொழிப் பாட்டைப் பாட, அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள். அந்தப் பாட்டின் தலைப்புக்கு ‘ஒப்பிடாதே’ என்று பொருள்.

கொரியாவோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. கொரிய நிறுவனங்கள் வெளிச்சந்தையைக் குறிவைத்துக் குழுக்களைப் பயிற்றுவித்து அனுப்பின. இந்தோனேசியாவுக்கு வீட்டுக்குள்ளேயே 28 கோடி பேர் இருக்கிறார்கள். 2016-ல் திரைத்துறையில் அந்நிய முதலீட்டுக்கு வழிவிட்ட பின் திரையரங்குகள் பெருகின. 2025-ல் ‘ஜும்போ’ என்ற உள்ளூர் அனிமேஷன் படத்துக்கு ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. அவர்கள் முதலில் தங்களுக்காகத்தான் செய்கிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பழைய டாங்டுட் பாட்டை ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டுப் பெரிய மேளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நாலு வரை எண்ணுங்கள். ‘ஒன்று’ விழும் இடத்தில் சுருதி ஏறுவது கேட்கும். அதே பாட்டின் கொப்லோ வடிவத்தையும் தேடிக் கேளுங்கள். அந்த அடி எந்த இந்திப் பாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.