யாங்கோனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே, அரை நாளில் போய்வரும்படி நல்ல படகுப் பயணம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பான்சோடான் துறையிலிருந்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் போகும் ஃபெரி.

தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் படகைப் போய்ச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். இன்றைக்கும் மனசு சரியில்லை என்றால் அந்தப் படகில்தான் ஏறுகிறேன்.

சூலே பகோடாவிலிருந்து தெற்கே ஆற்றைப் பார்த்து நடந்தால் துறை வந்துவிடும். அக்கரை சேரப் பத்து நிமிடம்தான். 2014-ல் ஜப்பான் கொடுத்த மூன்று படகுகள் ஓடுகின்றன. மூன்றுக்கும் பெயர் ‘செர்ரி’. நமக்கு டிக்கெட் ஒரு டீ விலைகூட வராது. இந்தியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்.

போனால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கடற்புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இந்த ஆற்றில் இறங்கும். படகு கிளம்பியதும் கூடவே பறந்து வரும். அவற்றுக்குப் போடுவதற்கென்றே பொரித்த தீனியைப் பையில் கட்டி விற்பார்கள். ஒன்றை விரல் நுனியில் பிடித்துக் கையை நீட்டி அப்படியே ஆடாமல் நில்லுங்கள். பறவை உங்கள் முகத்துக்கு நேராக வந்து, இறக்கையைப் பின்னுக்கு அடித்து ஒரு நொடி காற்றிலேயே நிற்கும். சிவந்த அலகு, கண்ணைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம், எல்லாம் தெரியும். அப்புறம் விரலில் லேசாக ஒரு இழுப்பு, தீனி போயிருக்கும். என் மகள் முதல் தடவை பயந்து கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவளைத் தடுப்புக் கம்பியிலிருந்து பிரிக்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் இன்னொரு உலகம். தலையில் தட்டு வைத்த பெண்கள் அவித்த காடை முட்டை, வெட்டிய தர்பூசணி, கூன்யா எனும் வெற்றிலைச் சுருள் என்று விற்றுக்கொண்டே நடப்பார்கள். காடை முட்டையை விடாதீர்கள்.

டலாவில் இறங்கியதும் காதில் விழுவது மோட்டார் சைக்கிள் சத்தம். நகரத்துக்குள் அதற்குத் தடை என்பதால் நம் பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. வெளியே சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். கூலியை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கோடையில் போனால் ஒரு விஷயம்: சித்திரை, வைகாசியில் அங்கே குடிநீருக்குக் குளத்தை நம்பியிருக்கும் ஜனங்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

ஆனால் நான் இந்தப் பயணத்தைச் சொல்வது திரும்பி வரும் பத்து நிமிடத்துக்காகத்தான். மேல்தளத்தில் முன்பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். துறைமுக அலுவலகக் கோபுரம், சுங்க அலுவலகத்தின் செங்கல் கட்டடம், அவற்றுக்குப் பின்னால் உயரமான புதுக் கட்டடங்கள், நடு ஆற்றுக்கு வந்தால் அவற்றுக்கு இடையில் ஸ்வேடகோன் தங்கப் பகோடா. வெயில் சாயும்போது அது ஒன்று மட்டும் பளிச்சென்று நிற்கும்.

என் அப்பத்தா அஞ்சு வயதில் மதராஸில் கப்பலேறி வந்தவர். 1964-ல், சொத்தையெல்லாம் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, அவருடைய தங்கை குடும்பம் திரும்பக் கப்பலேறியது. வழியனுப்பப் போன அப்பத்தா அதற்கப்புறம் ஆற்றங்கரைப் பக்கமே போனதில்லை. 2016 மார்கழியில் நான்தான் வற்புறுத்தி அழைத்துப்போனேன். அன்றைக்கு நீர் வற்றியிருந்த நேரம். கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு இது. நீர் இறங்கிவிட்டால் மிதவைத் துறையும் கூடவே இறங்கி, அதற்குப் போகும் பாலம் செங்குத்தாகிவிடும். அவரை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் நீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

போகும்போது அப்பத்தா வாயே திறக்கவில்லை. திரும்பும்போது, நடு ஆற்றில், என் முழங்கையை அழுத்திப் பிடித்தார். “இப்படித்தான்டா தெரிஞ்சுச்சு. எங்க ஆத்தா என்னைத் தூக்கிவச்சுக் காட்டினா. மொதல்ல அது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு, ஊரே தெரியல.”

அப்புறம் மடியிலிருந்து கசங்கிய நோட்டு ஒன்றை எடுத்து, “அந்தப் பறவைக்கு இன்னொரு பை வாங்கு” என்றார்.