திரும்பி வராத புத்தகங்கள்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பெரிய வாசகன் எல்லாம் இல்லை. பஸ்ஸில் போகும்போது பிசினஸ் புத்தகங்கள், ராத்திரி தூக்கம் வரும்வரை க்ரைம் நாவல், எப்போதாவது ஒரு குடும்ப நாவல். அவ்வளவுதான்.

பணம் சேர்ப்பது பற்றிய 'ரிச் டாட் புவர் டாட்' என்னை மாற்றிய புத்தகம். ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' கொஞ்சம் இழுவை, ஆனால் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார், நம்பலாம். மற்றதெல்லாம் இருபது பக்க விஷயத்தை இருநூறு பக்கத்துக்கு நீட்டியவை. இதையெல்லாம் படித்ததில் என் தம்பியையும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பிரிண்டிங் யூனிட் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாவல்கள் வெறும் டைம்பாஸ், அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இலக்கியம் படிக்கும் நண்பன் ஒருவன், 'நீ படிக்கிறது படிப்பே இல்லை' என்கிறான். அது சரியா? நான் அடுத்து என்ன படிக்கலாம்?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பரை விடுங்கள். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு எதுவும் செரிக்காது. நீட்டுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது சரி. இருபது பக்கத்துக்கு யாரும் முந்நூறு ரூபாய் தரமாட்டார்கள், அதனால் நீட்டுகிறார்கள். உங்கள் 'ரிச் டாட்' பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. 1997இல் வந்த புத்தகம். 2012இல் அதை எழுதியவரின் கம்பெனி ஒன்று திவால் மனு கொடுத்தது. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அவருடைய கடைப் பேரேடு கிடைத்தது. மூன்று நாளாக அதே நினைப்பு. அந்த நேரம் பார்த்து 'டைம்பாஸ்', 'கூச்சம்' என்று உங்கள் கடிதம் வந்து விழுகிறது. கோபம் வந்துவிட்டது, தம்பி.

அப்பா கோவை சிங்காநல்லூரில் வாடகை நூல் நிலையம் வைத்திருந்தார். 1979இல் ஆரம்பித்தது. அட்வான்ஸ் 10 ரூபாய், ஒரு நாள் வாடகை 25 பைசா. ராணிமுத்து, மாலைமதி, இன்னும் கடையில் தொங்கும் மாத நாவல் எதுவானாலும் வந்த அன்றே வாங்கி, மூன்று மூன்றாகச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுத் தைத்துவிடுவார். மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்குக் க்ரைம் நாவல். ராஜேஷ்குமார் எங்கள் ஊர்க்காரர் என்பதால் அவருக்குத் தனித் தட்டு. பெண்கள் கடைக்கு வரமாட்டார்கள். ரமணிசந்திரன் நாவல்களைப் பையில் போட்டு வீடு வீடாகச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. லீவு நாளில், மத்தியானம் இரண்டு மணிக்கு, மாமியார்கள் கண்ணயர்ந்த பிறகு. ஒரு அக்கா புத்தகத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துப் படிப்பார். அவரிடமிருந்து திரும்பி வரும் புத்தகத்தைத் தட்டினால் தவிடு கொட்டும். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். நீங்கள் கூச்சப்படுவது எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அடுத்த மாதம் யாருடைய நாவலில் இரண்டு பிரதி வாங்குவது என்பதற்கு அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். நான் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இவரோடதுதான் நிறைய இருக்குப்பா, இதுதான் ஓடுது போல" என்பேன். "அலமாரியில இருக்கறதப் பாத்துச் சொல்லாத கண்ணு. அதெல்லாம் வேண்டாம்னு திரும்பி வந்தது. வராதத எண்ணு" என்பார். பேரேட்டின் பின்பக்கம் முழுக்கத் திரும்பி வராத புத்தகங்களின் பட்டியல். அதில் எந்தப் பெயர் அதிகமோ அவருக்குத்தான் இரண்டு பிரதி.

ஆபிரகாம் வால்ட் என்ற கணித மேதையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பேரேடுதான் ஞாபகம் வந்தது. ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போன யூதர். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் வேலை செய்தார். குண்டு போடப் போய்த் திரும்பி வந்த விமானங்களில் எங்கே ஓட்டை அதிகம் என்று பார்த்து அங்கே கவசம் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்ட் வராத விமானங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். இறக்கையில் அடிபட்டது வந்து சேர்ந்திருக்கிறது என்றால் இறக்கை தாங்குகிறது. எஞ்சினில் அடிபட்டது அதிகம் வரவே இல்லை, அப்படியானால் கவசம் வேண்டியது அங்கே. இதே வால்ட் 1950இல் சொற்பொழிவுகளுக்காக இந்தியா வந்தார். அந்த டிசம்பரில் அவரும் மனைவியும் போன ஏர் இந்தியா விமானம் நீலகிரியில் மோதி இருவரும் இறந்துபோனார்கள். மழை விட்ட காலையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை அது. எனக்கு இது தெரிய வந்தபோது, சொல்வதற்கு அப்பா இல்லை.

சரி, உங்கள் காலின்ஸுக்கு வருகிறேன். 2001இல் வந்த புத்தகம். 1,435 கம்பெனிகளை எடுத்துச் சலித்து, சாதாரணமாக இருந்து பெரிதாக ஜெயித்த 11 கம்பெனிகளைப் பொறுக்கினார். பின்தங்கிய கம்பெனிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார், வாய்க்கு வந்ததை எழுதவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பின்னால் போய்க் காரணம் தேடினால் என்ன கிடைக்கும்? கடை ஓடுகிறவரை 'ஆள் பிடிவாதக்காரன், எடுத்ததை விடமாட்டான்' என்று மெச்சுகிற அதே வாய், கடை மூடியதும் 'பிடிவாதக்காரன், யார் சொன்னாலும் கேட்கமாட்டான்' என்னும். அந்தப் பதினொன்றில் ஒன்று சர்க்யூட் சிட்டி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்ற கம்பெனி. 2008 நவம்பரில் திவால் மனு, அடுத்த வருடம் எல்லாக் கடையும் மூடல். இன்னொன்று ஃபேனி மே, பேங்குகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் கம்பெனி. வீட்டுக் கடன் சரிவில் 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கமே அதைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. வெல்ஸ் ஃபார்கோவும் அந்தப் பட்டியலில் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்ததற்காக 2016இல் அபராதம் கட்டிய பேங்க்.

அமெரிக்காவை விடுங்கள், அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரைத் தெரிந்துகொள் என்கிறது எந்த பிசினஸ் புத்தகமும். எந்த வீட்டில் யார் என்ன படிப்பார்கள், யாருக்குச் சோக முடிவு ஆகாது என்பது வரை அப்பாவுக்குத் தெரியும். வீடு தேடிப் போய்க் கொடு என்கிறது. கொடுத்தோம், என் முட்டியில் தழும்பு இருக்கிறது. தரத்தில் விட்டுக்கொடுக்காதே என்கிறது. க்ரைம் நாவல் என்றால் யாராவது ஒரு புண்ணியவான் கடைசிப் பக்கத்தைக் கிழித்திருப்பான். ஏற்கெனவே படித்த யாரிடமாவது முடிவைக் கேட்டு, பேப்பரில் அதைத் தன் கையால் எழுதி ஒட்டிக் கொடுப்பார் அப்பா.

எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொருவரும் நூல் நிலையம் நடத்தினார். புத்தகம் பைண்டிங் பிரிந்து கிடக்கும், அவர் பாட்டுக்கு கேரம் ஆடப் போய்விடுவார். கேபிள் டிவி வந்து, 1993இல் சன் டிவி வந்து, மத்தியான நேரம் கொஞ்சம் கொஞ்சமாக சீரியலுக்குப் போனது. வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத் வைக்க இரண்டு பேருமே மனுப் போட்டார்கள். அவருக்குக் கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. பூத்தோடு ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்குப் பிறகு செல்போன் கடை என்று அவர் வளர்ந்தார். எங்கள் கடை 1997இல் மூடியது. பல வருடம் கழித்து ஒரு கல்லூரி விழாவில் அவர் பேசினார், நானும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். 'காலம் மாறுவதை முன்கூட்டியே பார்த்தேன், துணிந்து மாறினேன்' என்றார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்கு ஞாபகம். நல்ல மனிதர்தான், அப்பா இறந்தபோது மாலையோடு முதலில் வந்தவரும் அவர்தான். ஆனால் அப்பாவும் பார்த்தார், அப்பாவும் துணிந்தார், அப்பா போட்ட மனுவின் நகல் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. அப்பாவை எந்தக் கல்லூரி பேசக் கூப்பிடும்?

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் படித்தது நீங்கள், வேலையை விட வேண்டியது அவனா? அது என்ன நியாயம்? உங்கள் ஊரிலேயே பிரிண்டிங் யூனிட் போட்டு மூடியவர்கள் இருப்பார்கள். நாலு பேரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் புத்தகம் எழுதமாட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தால் பேசுவார்கள். ஜாப் ஒர்க் செய்து கொடுத்த பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது, மெஷின் லோனுக்கு வட்டி எவ்வளவு, ஆர்டர் இல்லாத மாதம் ஆட்களுக்கு எதைக் கொடுத்தார்கள், எந்த நகை முதலில் அடகுக்குப் போனது என்று கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கப்புறமும் அவனுக்கு ஆசை இருந்தால் போடட்டும், நானே திறப்பு விழாவுக்கு வருகிறேன்.

அடுத்து என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியில் பேரேட்டுக்கு அடியில் ஒரு க்ரைம் நாவலும் இருந்தது. முன் அட்டை போய்விட்டது, தலைப்பு தெரியவில்லை. கடைசிப் பக்கம் அப்பாவின் கையெழுத்து, ஊதா மையில். முகவரி அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன். முடிவு சொல்ல ஆள் கிடைக்காத சமயத்தில் அவரே ஒரு முடிவை எழுதி ஒட்டிவிடுவதும் உண்டு. அதனால் கொலைகாரன் அசல் கொலைகாரன்தானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.