சென்னை – மும்பை இறுதிப் போட்டிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐ.பி.எல். இறுதிப் போட்டிகளில் சென்னையை மும்பை திரும்பத் திரும்ப வீழ்த்தியது எப்படி? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இரு அணிகளும் இறுதியில் மோதியது நான்கு முறை. 2010-இல் சென்னை 22 ரன்னில் ஜெயித்தது. 2013-இல் 23 ரன், 2015-இல் 41 ரன், 2019-இல் ஒரே ஒரு ரன் என மற்ற மூன்றும் மும்பைக்கு. நான்கிலுமே முதலில் பேட் செய்த அணிதான் கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டியில் ரன்னைத் துரத்தும்போது ஆரம்பத்தில் விக்கெட் போனால் மீள்வது கடினம். 2013-இல் ஈடன் கார்டனில் இலக்கு 149தான். மலிங்கா முதல் ஓவரிலேயே ஹஸ்ஸியையும் ரெய்னாவையும் அடுத்தடுத்த பந்துகளில் வெளியேற்றினார். அடுத்து ஜான்சன் பத்ரிநாத்தை எடுக்க, ஸ்கோர் 3 ரன்னுக்கு 3 விக்கெட். தோனி 63 ரன்னுடன் கடைசிவரை நின்றும் பலனில்லை.

2015-இல் டாஸ் ஜெயித்த சென்னை, பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தது. அதுதான் தவறு. முதல் ஓவரிலேயே பார்த்திவ் படேல் ரன் அவுட் ஆனார். ஆனால் சிம்மன்ஸ் 68, ரோஹித் 26 பந்தில் 50 என்று அடித்து ஸ்கோரை 202-க்குக் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று: நான்கில் ஒன்றுகூட சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. மெதுவான ஆடுகளத்தில் சுழலை நம்பி ஆடும் அணிக்கு அது பெரிய இழப்பு.

கேள்வி: 2019 இறுதி ஏன் ஹைதராபாத்துக்குப் போனது? (சேலம் வாசகர்)

பதில்: முந்தைய ஆண்டின் சாம்பியன் என்பதால் சென்னைக்குத்தான் வந்திருக்க வேண்டும். சேப்பாக்கத்தில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் இடம் மாறியது.

கேள்வி: 2019 இறுதியின் அந்தக் கடைசி ஓவரில் பந்துக்குப் பந்து என்ன நடந்தது? (ஈரோடு வாசகர்)

பதில்: சென்னைக்கு 150 இலக்கு, 6 பந்தில் 9 ரன் தேவை. மலிங்கா தன் முதல் மூன்று ஓவர்களில் 42 ரன் கொடுத்திருந்தார்; ஆனாலும் ரோஹித் அவரையே நம்பினார். முதல் மூன்று பந்துகளில் 1, 1, 2. நான்காவதில் இரண்டாவது ரன்னுக்கு ஓடிய வாட்சன் ரன் அவுட். முழங்கால் காயத்தில் ரத்தம் கசியக் கசிய அவர் எடுத்தது 59 பந்தில் 80! ஐந்தாவதில் ஷர்துல் தாக்கூர் 2 ரன். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. மெதுவாக வந்த பந்து, பேடில் பட்டது, எல்.பி.டபிள்யூ. ஆனால் உண்மையில் ஆட்டத்தைத் திருப்பியது பும்ரா: 4 ஓவரில் 14 ரன், 2 விக்கெட். ஆட்ட நாயகன் விருது சரியான கைக்குத்தான் போனது.

கேள்வி: அதே ஆட்டத்தில் தோனி அவுட்டா, இல்லையா? (மதுரை வாசகர்)

பதில்: தோனி ரன் ஓடும்போது இஷான் கிஷன் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. பேட் கிரீஸ் கோட்டின் மேலேயே இருந்தால் அவுட்தான். அதன் ஒரு பகுதியாவது கோட்டைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். பெயில் ஸ்டம்பிலிருந்து விலகும் அந்த நொடியில் பேட் எங்கே இருந்தது என்பதே கேள்வி. ஒரு கோணத்தில் உள்ளே போலவும் இன்னொன்றில் வெளியே போலவும் தெரிந்ததால்தான் இன்றுவரை சண்டை ஓயவில்லை. மூன்றாவது நடுவர் பலமுறை பார்த்தபின் அவுட் கொடுத்தார்.

கேள்வி: 2010-இல் பொல்லார்டை வீழ்த்திய வியூகம் என்ன? (கோவை வாசகர்)

பதில்: 10 பந்தில் 27 எடுத்து மிரட்டிக்கொண்டிருந்தார். அவர் நேராகத் தூக்கி அடிப்பவர் என்பதால் தோனி மிட் ஆஃபில் நின்ற ஹேடனை, வழக்கமான இடத்தைவிட்டு, ஏறக்குறைய நடுவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினார். ஆல்பி மார்கல் வீச, பொல்லார்டு அடித்த பந்து நேராக ஹேடன் கைக்கே போனது.