அலமாரியோடு ஒன்றும் குளிர்பதனப் பெட்டி

கேள்வி: தோட்ட வீட்டிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியுள்ளோம். சமையலறைக் கேபினெட்டுக்கு அளவெடுக்கத் தச்சர் வரவிருக்கிறார். குளிர்பதனப் பெட்டியும் ஓவனும் கேபினெட்டோடு ஒன்றித் தெரிய என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தச்சர் பலகையை அறுப்பதற்கு முன்பே சாதனங்களைத் தேர்ந்தெடுத்து, கையேட்டிலுள்ள அளவுகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள், அம்மா. பதிக்கும் வகை ஓவன்கள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலக் கேபினெட்டுக்கென்றே செய்யப்படுவதால் அதில் சிக்கல் குறைவு. குளிர்பதனப் பெட்டியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: சாதாரணப் பெட்டியைச் சுற்றிலும் பலகையால் அடைத்துவிட்டால், வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். கதவின்மேல் கேபினெட் பலகையையே பொருத்தக்கூடிய, உள்ளே பதிக்கும் வகை இருக்கிறது, விலைதான் கூடுதல். கட்டுப்படியாகாவிட்டால், கேபினெட் நிறத்துக்கு நெருங்கிய சாதாரணப் பெட்டியை வாங்கி, கையேடு கேட்கும் இடைவெளியைப் பின்புறமும் மேலேயும் விடச் சொல்லுங்கள்.