ஓட்டைப் பேருந்துக்கு 4,92,000 டாலரா?

கேள்வி: வயதான பெண்மணி ஒருவர் களைப்பினால் இருக்கையை விட்டு எழவில்லை என்பதற்காக, ஓர் ஓட்டைப் பேருந்தை 4,92,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாமே! இது பணத்திமிர் இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தப் பெண்மணியின் மேல் நீங்கள் ஏற்றிய வயதை இறக்கிவிடுவோம். 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸுக்கு அப்போது வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கமொன்றின் உள்ளூர்க் கிளைக்கு அவர் செயலாளராகவும் இருந்தார். தாம் களைத்திருந்தது விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

இனி அந்த ஓட்டைப் பேருந்து. ஓட்டம் முடிந்தபின் அதை 1970களில் ஒருவர் வாங்கித் தம் நிலத்தில் நிறுத்தி, மரச்சாமானும் கருவிகளும் போட்டுவைக்கும் கொட்டகையாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பயன்படுத்தினார். அது அந்தப் பேருந்துதான் என்பதற்குக் கிடைத்த சான்று, மாண்ட்கோமரி பேருந்து நிலைய மேலாளர் ஒருவர் அக்காலத்தில் ஒட்டிவைத்த செய்தித்தாள் நறுக்குகளின் அருகே குறித்திருந்த அன்றைய ஓட்டுநரின் பெயரும் 2857 என்ற பேருந்து எண்ணும். கையெழுத்து நிபுணரைக் கொண்டு அதைச் சோதித்த பிறகே, மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 2001 அக்டோபரில் ஏலம் கேட்டது. இன்று யாரும் அதில் ஏறி அமரலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் விட்டதற்கே அந்த விலையைக் கொடுக்கலாம் என்பேன்.

எனக்குக் குறை வேறிடத்தில். துருவையெல்லாம் சுரண்டி, 1955இல் இருந்த பளபளப்புக்கே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள்; ஒரு நாடு தன் வரலாற்றை முப்பது ஆண்டுகள் வயலில் போட்டுவைத்திருந்த கதையும் அந்தத் துருவோடு போய்விட்டது. தவிரவும், ஓர் இருக்கையைக் காட்டலாம், பார்க்ஸ் கைதானதைக் கண்டித்து 381 நாள் பேருந்தில் ஏறாமல் வேலைக்கு நடந்து போய் வந்த ஓர் ஊரை எப்படிக் காட்டுவது? பேருந்தில் இனப் பாகுபாடு செல்லாது என்று 1956இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வழக்கைத் தொடுத்தவர்களில் பார்க்ஸ் இல்லை. வேறு பெண்கள் தொடுத்தது அது. அவர்களில் ஒருவரான கிளாடெட் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே அதே ஊரில் எழ மறுத்துக் கைதானபோது வயது 15. அடுத்த கடிதத்தில் அவருக்காவது வயதைக் கூட்டிவிடாதீர்கள்.