ஸ்கீயின் அடியில் பாறை கீறியதா? ஃபெவிக்விக்கை எடுக்காதீர்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) வாங்கி காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய் வந்தேன். பனி குறைவாக இருந்த இடத்தில் பாறை தட்டி, ஒரு பலகையின் அடியில் விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது. இன்னொன்றில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குழி, அதன் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. டெல்லியில் இதைச் சரிசெய்யும் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஃபெவிக்விக், எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா? அதிகம் செலவு செய்ய முடியாது. – வாசகர், மயூர் விஹார்

பதில்: வேண்டாம். இரண்டுமே நல்ல பொருள்கள்தான், ஆனால் இந்த இடத்தில் நிற்காது. முதல் நாள் கெட்டியாகப் பிடித்தது போல இருக்கும். பனியின் குளிரில் பலகை இரண்டு முறை வளைந்து நிமிர்ந்தால் பொட்டுப் பொட்டாக உதிர்ந்துவிடும்.

ஸ்கீயின் அடிப்பரப்பு பாலிஎத்திலீன். பால் பாக்கெட்டும் மொட்டை மாடித் தண்ணீர் டேங்கும் இதே குடும்பம்தான். இதன் மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பனி ஒட்டாமல் வழுக்குவதற்காகத்தானே இதைப் போடுகிறார்கள்! டேங்க் விரிசல் விட்டால் பழுது பார்க்க வருபவர் பசை தடவுவதில்லை, அதே ஜாதி பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார். ஸ்கீக்கும் அதே வழிதான். பாலிஎத்திலீனோடு சேருவது உருகிய பாலிஎத்திலீன் மட்டுமே. மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

எனவே பள்ளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டாத கீறலை அப்படியே விட்டுவிடலாம், மெழுகு போட்டாலே போதும். நகம் மாட்டுகிறது, ஆனால் உள்ளேயும் அதே நிறப் பிளாஸ்டிக்தான் என்றால் அடைக்கலாம். உங்கள் முதல் பலகை இந்த ரகம். வெள்ளையாக நார் நாராகத் தெரிந்தால் அது ஃபைபர்கிளாஸ், மரம் தெரிந்தால் நடுக்கட்டை வரை போய்விட்டது என்று அர்த்தம். இந்த ஆழக் காயத்தை ‘கோர் ஷாட்’ என்பார்கள். இரண்டாவது பலகையில் இருப்பது அதுதான், அதை அடைக்காமல் பனியில் இறங்கக் கூடாது. தண்ணீர் உள்ளே போய் மரம் ஊறினால் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும்.

சாமான்களுக்கு வருவோம். பி-டெக்ஸ் என்ற பெயரில் மெழுகுவத்தி போன்ற பாலிஎத்திலீன் குச்சி ஆன்லைனில் கிடைக்கும். கறுப்பு அடிக்குக் கறுப்பு, படம் போட்ட அடிக்கு நிறமில்லாதது. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான். தச்சர்கள் மரம் சீவப் பயன்படுத்தும் தட்டையான எஃகுத் தகடு, சாணைக்கல், 150, 220 எண் உப்புத்தாள்கள், பெயின்ட் கடை டர்பன்டைன் எல்லாம் சாவ்ரி பஜார் பக்கம் ஒரு நடை போனால் முடிந்துவிடும். சால்டரிங் அயர்ன் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைக்கும்.

பலகையை இரண்டு ஸ்டூல்கள் மேல் கவிழ்த்து, பூட்ஸ் மாட்டும் இடத்தில் உள்ள பிரேக்கை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் துருத்தும் பிசிறைக் கூரிய கத்தியால் நறுக்குங்கள். டர்பன்டைனில் நனைத்த துணியால் பழைய மெழுகைத் துடைத்துவிட்டு நன்றாகக் காய விடுங்கள். தீ பற்ற வைப்பதற்கு முன்னால் டர்பன்டைன் பாட்டிலும் துணியும் வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

அடுத்த வேலையைப் பால்கனியில், நியூஸ்பேப்பர் விரிக்காமல் செய்யுங்கள். உருகிய துளி தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், ஆகவே தோல் கையுறையும் பருத்திச் சட்டையும் அவசியம். பள்ளத்தைச் சுற்றி ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்குங்கள், சில்லென்ற பரப்பில் விழும் துளி சரியாகப் பிடிக்காது. குச்சியைப் பற்ற வைத்ததும் முதல் சில துளிகளை எஃகுத் தகட்டில் சிந்த விடுங்கள், அதில் கரி அதிகம். சுடர் பெரிதாக, மஞ்சளாக எரிந்தால் புகைக்கரி கலந்து அடைப்பு பலவீனமாகிவிடும். குச்சியின் முனையைத் தகட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய் மெல்ல உருட்டுங்கள். சுடர் சிறுத்து நீலமாகும், துளியில் கறுப்புத் தூள் குறையும். அந்த நிலையிலேயே முனையைப் பள்ளத்துக்கு நகர்த்தி, தூரத்திலிருந்து சொட்ட விடாமல், பரப்பை ஒட்டி இழுத்துக்கொண்டே நிரப்புங்கள். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும், அதனால் மேடு தட்டும் வரை போடலாம். ஆழமாக இருந்தால் ஒரே மூச்சில் நிரப்பாமல் ஒரு அடுக்கு ஆறியதும் அடுத்ததைப் போடுங்கள்.

கடைசியில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்காதீர்கள். அரை மணி நேரமாவது தானாக ஆறட்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சூடு இருக்கும்போது சீவினால் அடைப்பு முழுசாகப் பெயர்ந்து கையோடு வந்துவிடும். ஆறிய பிறகு எஃகுத் தகட்டைச் சற்றுச் சாய்த்து, முனையிலிருந்து வால் நோக்கி, மெல்லிய சீவலாக எடுங்கள். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி அதே திசையில் தேய்த்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பால் நார்களை எடுத்தால் முதல் பலகை தயார்.

இரண்டாவதுக்குக் குச்சியைக் கொளுத்தி ஊற்றினால் போதாது, ஃபைபர்கிளாஸோடு அது சேராது. பிடிப்பு முழுக்கப் பள்ளத்தின் சுவரில்தான். முதலில் ஈரம் போக ஃபேன் காற்றில் சில நாள் வையுங்கள். பிறகு கத்தியைச் சாய்த்து, வாய் குறுகி உள்ளே அகலும்படி சுவரைச் செதுக்குங்கள், உள்ளே போன பிளாஸ்டிக் பூட்டு போல மாட்டிக்கொள்ளும். சால்டரிங் அயர்னால் சுவரையும் குச்சியின் துண்டையும் ஒரே நேரத்தில் இளக்கி, குழைத்துச் சேர்த்து நிரப்புங்கள். பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில் இளகும். சால்டரிங் அயர்ன் அதைவிட மிக அதிகச் சூடு, ஒரே இடத்தில் ஊன்ற வேண்டாம். விலை கூடிய ஸ்கீகளில் வரும் சின்டர்டு ரக அடி (பிளாஸ்டிக் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்தது), உருகினாலும் ஓடாது. அதில் நம் அடைப்பு கொஞ்சம் மென்மையாகவே நிற்கும், ஒரு சீசன் கழித்து மறுபடி போட வேண்டி வரலாம். ஆரம்பநிலை ஸ்கீகளின் எக்ஸ்ட்ரூடட் அடியில் (உருக்கிப் பிதுக்கிச் செய்தது) நன்றாகவே பிடிக்கும்.

குழி ஐந்து ரூபாய் நாணயத்தை விடப் பெரிதாக இருந்தால் உருக்கி அடைப்பதில் பயனில்லை. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து, அதே அளவு பேஸ் ஷீட்டை, அதாவது ஸ்கீ அடிக்கான பாலிஎத்திலீன் தகட்டை, அரால்டைட்டால் ஒட்ட வேண்டும். இந்த ஷீட்டின் ஒரு பக்கம் பசை பிடிக்கும்படி சுடரில் வாட்டப்பட்டிருக்கும், அந்தப் பக்கம்தான் உள்ளே போக வேண்டும். மேலே ஒரு பாலித்தீன் கவரை வைத்து, பலகையும் கனமும் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். பசை கவரில் ஒட்டாது.

பலகையின் ஓரத்தில் ஓடும் இரும்பு எட்ஜ் வளைந்தோ பிதுங்கியோ இருந்தால், அல்லது பலகையைத் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று சத்தம் வந்தால், நீங்கள் கை வைக்க வேண்டாம். குல்மார்க்கிலோ மணாலியிலோ வாடகைக்கு ஸ்கீ தரும் கடைகளில் விசாரியுங்கள். எட்ஜில் பாறை உரசிய பிசிறு மட்டும்தான் என்றால் சாணைக்கல்லால் தேய்த்த பிறகே அரம் போடுங்கள். உரசிய சூட்டில் இரும்பு அங்கே இறுகியிருக்கும், அரம் வழுக்கிக்கொண்டு போகும்.

கடைசியாக மெழுகு. அதை உருக்கி அடியில் தேய்க்க, துணிக்கு இனி பயன்படாத பழைய இஸ்திரிப்பெட்டி போதும், புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். அடுத்த டிசம்பர் வரை வைக்கப்போகிறீர்கள் என்றால் மெழுகைச் சுரண்டாமல் எட்ஜ் மேலும் வழியும்படி தடித்து விடுங்கள், மழைக்காலத்தில் துரு பிடிக்காது. இதற்கு வீட்டு மெழுகுவத்தியே கூடப் போதும். அடுத்த முறை டிசம்பர் 21-இல் தொடங்கும், காஷ்மீரின் கடுங்குளிர்க் காலமான சில்லாய் கலானின் 40 நாட்களில் பாதியாவது கழிந்த பிறகு குல்மார்க் டிக்கெட் போடுங்கள். அதற்குள் பெரும்பாலும் பாறைகள் பனிக்குள் போயிருக்கும்.